நான்காம் தடத்தில் அல்லியாறு

இந்தக் கதை நடந்தபோது நான் அங்கே இல்லை. என்னோடு கல்லூரியில் படித்த சுகிர்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சுகிர்தாவும் அங்கே இல்லை. அவளுக்கு அவளுடைய பெரியம்மா திலகவதி சொன்னது. இரண்டு வாய் கடந்து வந்த கதை என்பதால் எங்கே நிறம் ஏறியது, எங்கே வெளுத்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் நானே போய்ப் பார்த்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தென்கரைப்பேட்டையில் ஆறு ஓடிய காலத்தில் யாரும் நீச்சல் குளம் கேட்கவில்லை. மேலே ஓர் அணை கட்டி, அணைக்கும் மேலே இன்னோர் அணை கட்டி, மிச்சமிருந்த மணலும் லாரி லாரியாக ஊரைவிட்டுப் போய், அல்லியாறு என்ற பெயர் பாலத்தின் பலகையில் மட்டும் நின்றுபோன பிறகு, பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியவில்லையே என்று ஊரார் கவலைப்பட்டார்கள். அரசு மருத்துவமனைக்குப் பின்னால் நீல ஓடு பதித்து, மிதவைக் கயிறு கட்டி நான்கு தடங்களாகப் பிரித்து, நகராட்சி ஒரு குளம் கட்டிக் கொடுத்தது. விடிகாலை ஆண்களுக்கு, சாயங்காலம் பிள்ளைகளுக்கு. நடுவில், சமையல் முடிந்து பள்ளிக்கூட வேன் போன பிறகு வரும் ஒரு மணி நேரம் பெண்களுக்கு.

பெண்கள் நேரத்துக்கு ரெஜினா மேடம் பொறுப்பு. கழுத்தில் விசில் தொங்கும், ஆனால் ஊதி யாரும் கேட்டதில்லை. அவள் பார்த்தாலே போதும். குளித்துவிட்டு இறங்கு, தொப்பி போடு, உன் வேகத்துக்கு ஏற்ற தடத்தில் நீந்து, போகும்போதும் இடதுகைப் பக்கம் வரும்போதும் இடதுகைப் பக்கம், சுவரைத் தொட்டால் திரும்பு, திரும்ப முடியாவிட்டால் மூலையில் ஒதுங்கு, நடுச்சுவரில் நின்று நாத்தனார் கதை பேசாதே. முன்னால் போகிறவரை முந்த வேண்டுமானால் அவர் பாதத்தை ஒருமுறை விரலால் தட்டு, அவர் சுவர் வந்ததும் ஒதுங்கி வழிவிடுவார். இதுதான் சட்டம்.

இந்தப் பாதம் தட்டும் சட்டம் மட்டும் தென்கரைப்பேட்டையில் சுலபமாக நடைமுறைக்கு வரவில்லை. முதல் மாதத்தில் திலகவதி தனக்கு முன்னால் போன ஹாஜிரா டீச்சரின் பாதத்தைத் தொட, ஓய்வுபெற்ற தலைமையாசிரியையான டீச்சர் நீந்துவதை நிறுத்தி, தடத்தின் நடுவில் நிமிர்ந்து நின்று, திலகவதியின் ரப்பர் தொப்பிமேல் கை வைத்து, "நல்லாயிரும்மா" என்றார். பின்னால் வந்த மூன்று பேர் ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள். மோதியதில் யார் கால் யார்மேல் பட்டதோ, ஆளாளுக்குத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போய்த் தண்ணீர் குடித்தார்கள். ரெஜினா கரையில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"டீச்சர், அது ஆசீர்வாதம் கேட்கிறது இல்ல. வழி கேட்கிறது."

"ரெண்டும் கேட்டா என்னம்மா குறைஞ்சுபோகுது?" என்றார் டீச்சர்.

அன்று முதல் அந்தக் குளத்தில் பாதம் தட்டப்பட்டவர்கள் சுவர்வரை போய், மூலையில் ஒதுங்கி, "போம்மா, நல்லாயிரு" என்று சொல்லி அனுப்புவது வழக்கமாயிற்று.

திலகவதி நான்காம் தடத்துக்காரி. நான்காம் தடம் சுவரை ஒட்டி, ஏணிக்குப் பக்கத்தில் இருப்பது, மெதுவாகப் போகிறவர்களுக்கானது. தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். நாளெல்லாம் நின்று நின்று முதுகுத்தண்டு தேய்ந்துபோக, ஆபரேஷன் வேண்டாமென்றால் நீந்துங்கள் என்று டாக்டர் சொன்னார். அது நடக்கிற காரியமில்லை என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ஏனென்றால் திலகவதி ஒரு வாளிக்கு மேல் ஆழமான தண்ணீரில் கால் வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். தனபால் என்று பெயர். ஆற்றில் கடைசியாகப் பெருவெள்ளம் வந்த வருஷம், அவள் படித்துறையில் துணி அலசிக்கொண்டிருக்க, "அக்கா, அக்கரையைத் தொட்டுட்டு வந்துடறேன், நீ போர்வையைப் பிழியறதுக்குள்ள" என்று சொல்லிவிட்டு இறங்கினான். பாதி ஆற்றில் அவன் கை ஒருமுறை உயர்ந்தது. திலகவதி பிழிந்த போர்வையைப் போட்டுவிட்டு, கரையோடு, தண்ணீருக்கு இணையாக ஓடினாள். "தம்பி" என்று அவள் கூப்பிடவில்லை. தண்ணீரின் இரைச்சலில் அவனுக்குக் கேட்காது என்று தெரிந்திருந்தது. ஆற்றைப் பார்த்துத்தான் கத்தினாள். நில்லு, நில்லு, நில்லு என்று அரிசி ஆலையின் மதில்வரை ஓடினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆறு போய்க்கொண்டே இருந்தது. அவன் உடல் கிடைக்கவில்லை. கடல் அங்கிருந்து தூரமில்லை என்றார்கள். போனது போனதுதான் என்றும் சொன்னார்கள்.

குளத்துத் தண்ணீரை அவள் நம்பியதற்குக் காரணம், அது எங்கேயும் போகாது என்பதுதான். நான்கு சுவர், அடியில் எண்ணிவிடக்கூடிய நீல ஓடுகள். நேற்று விட்ட தண்ணீர் இன்றைக்கும் அங்கேயே இருக்கும். அந்த நம்பிக்கையில்தான் இறங்கினாள், கற்றுக்கொண்டாள், முதுகு வலி குறைந்து கடையில் நாற்காலி இல்லாமலே நிற்கத் தொடங்கினாள்.

பங்குனி மாதத்தில் ஒருநாள், டிக்கெட் வாங்கிக்கொண்டு அவள் திரும்பியபோது வரிசையின் கடைசியில் ஆறு நின்றது.

ஒரு புடவை அகலம்தான் இருந்தது. பேருந்து நிலையத்தைத் தாண்டி, சாக்கடையைத் தொட்டுவிடாமல் ரோட்டோரமாகவே ஒதுங்கி ஒதுங்கி வந்திருந்தது. வந்த வழியெல்லாம் தாரில் ஈரமும், ஈரத்தில் கொஞ்சம் மணலும் கிடந்தன. டிக்கெட் கொடுப்பவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இது லேடீஸ் டைம்" என்றார்.

"லேடீஸ்தான் சார். அல்லி" என்றாள் முன்னால் நின்ற ஒருத்தி.

"நம்ம அல்லியா?" ஹாஜிரா டீச்சர் வரிசையைவிட்டு வந்து குனிந்து பார்த்தார். "அடக் கடவுளே, என்னம்மா இப்படி மெலிஞ்சு போயிட்டே. எதிர்ல வந்தா அடையாளமே தெரியாது."

ஆறு பதில் சொல்லவில்லை. எப்போதுமே அது பேசியதில்லை. லேசாகச் சலசலத்தது. இத்தனை வருஷம் மணல்கூட இல்லாத தரையில் படுத்துக் கிடந்ததில் ஓடுவதே மறந்துபோகும்போல் ஆகிவிட்டது, கொஞ்சம் பழகிக்கொள்ள வந்திருக்கிறாள் என்று பெண்கள் அவர்களாகவே புரிந்துகொண்டார்கள். உடம்பு இளைத்து ஊர் திரும்பிய ஒருத்தியிடம் காரணம் கேட்பது நாகரிகமில்லை என்பதால் மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை.

ரெஜினா மட்டும், "குளிச்சிட்டு இறங்கணும். தொப்பி போடணும். யாரா இருந்தாலும்" என்றாள்.

ஆறு ஷவருக்கு அடியில் நின்றது. செம்மண் இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. வாய்க்கால் சேறும், தாமரைத்தண்டும், யாரோ எந்தக் காலத்திலோ விட்ட அகல் விளக்கின் சில்லும் வந்து, கடைசியில் ஒருவழியாகத் தெளிந்தது. இருப்பதில் பெரிய தொப்பியாகப் பார்த்து, கொஞ்சம் புடைத்துத் தெரிந்த இடத்தைத் தலை என்று வைத்துக்கொண்டு, அதன்மேல் போட்டார்கள். தொப்பி அங்கேயே மிதந்தது.

"எந்த லேன்ல விடறது?"

"ஒரு காலத்துல பாலத்தையே ஆட்டினவ."

"அது அப்போ. இப்போ நாலாம் லேன்தான் தாங்கும்."

திலகவதி அப்போது நான்காம் தடத்தில் இருந்தாள். ஏணிப் பக்கம் சில்லென்று ஏதோ இறங்குவதை உடம்பால் உணர்ந்தாள். குளத்துத் தண்ணீருக்கு அந்தக் குளிர்ச்சி கிடையாது, அந்த வாசனையும் கிடையாது. படித்துறைப் பாசியின் வாசனை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மிதவைக் கயிற்றுக்கு அடியில் புகுந்து, மூன்று தடங்களைக் கடந்து, அடுத்த பக்கம் கரையேறி, உடை மாற்றும் அறையில் தலைகூடத் துவட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"திலகா, என்னாச்சு?" என்று டீச்சர் வந்து கேட்டார்.

"அது யாருன்னு தெரியுமா டீச்சர் உங்களுக்கு?"

டீச்சருக்குத் தெரியும். தனபால் அவரிடம் ஏழாம் வகுப்புப் படித்தவன். அவர் அவள் பக்கத்தில் ஈரத்தோடு உட்கார்ந்தார்.

அடுத்த நாளும் ஆறு வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. ஊர் அதற்குப் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்லி முடியாது. குளோரின் ஒத்துக்கொள்ளாமல் ஆறு நுரைத்து நுரைத்துத் தும்மியபோது மருத்துவமனை நர்ஸுகள் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, அளவைக் குறைக்கச் சொன்னார்கள். நான்காம் தடத்தில் கெண்டைக் குஞ்சுகள் தென்பட்டன. அவை தடம் மாறவில்லை என்பதால் ரெஜினா ஆட்சேபிக்கவில்லை. மஞ்சள் குங்குமம் கொண்டுவந்தவர்களை மட்டும் வாசலிலேயே நிறுத்தி, குளத்தில் எதையும் கரைக்கக் கூடாது என்று பலகையைக் காட்டினாள். ஆண்கள் கூட்டமாக நகராட்சிக்குப் போய், ஆறு பொதுச்சொத்து, அதெப்படி பெண்கள் நேரத்தில் மட்டும் வரலாம் என்று கேட்டார்கள். பெயரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பொறியாளர் ஒருவர் வந்து, ஆறு இறங்குவதற்கு முன்னும் பின்னும் குளத்தின் மட்டத்தை அளந்து, ஒரு விரற்கடைகூட ஏறவில்லை என்று கண்டு, டீ குடித்துவிட்டுப் போனார். கடைமடை விவசாயிகள் சிலர் பஸ் ஏறி வந்து, உள்ளே வர அனுமதியில்லாததால் கேட்டுக்கு வெளியே நின்று, ஆறு குளித்துமுடித்துத் திரும்பும்போது, "எப்போ வருவே ஆத்தா?" என்று மட்டும் கேட்டார்கள். அது அவர்கள் செருப்பை நனைத்துவிட்டுப் போனது.

இவ்வளவுக்கும் நடுவில் திலகவதி ஒருத்தி மட்டும் கரையில் இருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நீந்த உடை மாற்றிக்கொண்டு வருவாள், தொப்பியும் போடுவாள், இறங்கமாட்டாள். மற்ற தடங்கள் வேகமானவை, அவளால் முடியாது. வலி முதுகில் மறுபடி ஏறி, இடுப்பில் இறங்கி, காலுக்கு வந்தது. கடையில் நாற்காலி திரும்பி வந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாமா என்று வீட்டில் கேட்கத் தொடங்கினார்கள்.

"ஒருத்தருக்காக லேனைக் காலி பண்ண முடியாதுக்கா" என்றாள் ரெஜினா. சொல்வதற்கு அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "நீங்க இறங்குங்க. லேன் ரெண்டு பேருக்கும் பொது."

"என் தம்பிக்கு அது இடம் விட்டுச்சா மேடம்?"

ரெஜினாவிடம் அதற்குச் சட்டம் இல்லை.

ஆனால் வேறொரு சிக்கல் வளர்ந்துகொண்டிருந்தது. ஆறு தேறிவந்தது. ஒரு புடவை அகலம் இரண்டு புடவை ஆயிற்று, வேகம் கூடியது, ஆழமான பக்கத்துச் சுவர்வரை அழகாகப் போனது. சுவர் வந்ததும் அங்கேயே மோதி, மோதிய இடத்திலேயே குவிந்து, சுவரின்மேல் ஏறி, வழிந்து, உடை மாற்றும் அறைக்குள் போனது. அங்கிருந்து வாசல், வாசலிலிருந்து ரோடு. மறுபடி ஷவருக்கு வந்து, மறுபடி முதலிலிருந்து. ஹேண்ட்பேக்குகள் நனைந்தன. ஒருத்தியின் கல்யாணப் பட்டு நனைந்தது. பாதத்தைத் தட்டிச் சொல்லலாம் என்றால், ஆற்றுக்குப் பாதம் எது என்பதில் சண்டை.

"தலைமடை இருக்கு, கடைமடை இருக்கு. காலுன்னு ஒண்ணு எங்கே இருக்கு?"

"கையாவது இருக்கா? அதுவும் இல்ல. வாய் மட்டும்தான், என் மாமியார் மாதிரி."

பட்டுப்புடவைக்காரி புகார் எழுதிக் கொடுத்தாள். ரெஜினா யோசித்து, சித்திரை முடிவதற்குள் சுவரைத் தொட்டுத் திரும்பக் கற்றுக்கொள்ளாவிட்டால் ஆறு இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். திரும்பத் தெரியாதவர் யாரையும் தடத்தில் விடுவதில்லை, அதற்கு மட்டும் விலக்கில்லை.

திலகவதிக்கு அன்று வீட்டில் சாப்பாடு இறங்கியது. அது போய்விடும். அது போனதும் தன் தடம் தனக்கு வந்துவிடும்.

சித்திரையின் கடைசியில் ஒருநாள், ஆற்றுக்கு அதுவே கடைசித் தவணை என்று எல்லோருக்கும் தெரிந்த நாளில், அவள் பெஞ்சை இழுக்க முடியாததால் நின்றபடியே ஆழமான பக்கத்துக்குப் போய், அது தோற்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமென்று சுவரோரம் நின்றாள். ஹாஜிரா டீச்சர் கரையில் உட்கார்ந்து, வகுப்பில் சொல்வதுபோல், "திரும்பும்மா, அப்படியே வளைஞ்சு திரும்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு வந்தது. சுவரில் முட்டியது. இடமும் வலமும் தடவியது. கதவு எங்கே இருக்கிறது என்று இருட்டில் சுவரைத் தடவுகிறவர்களைப் போல், ஓடு ஓடாகத் தடவியது. பிறகு தன் மேலேயே ஏறிக் குவிந்து, தொப்பி கோணிக்கொண்டு, வழிந்து கரைக்கு வந்து, திலகவதியின் கால்களுக்கு இடையில் புகுந்து போனது. மறுபடி வந்தது. மறுபடி முட்டியது. ஓரிடத்தில்கூட அது எதையும் பிடித்து நிற்கவில்லை என்பதை அவள் பார்த்தாள். பின்னால் வரும் தண்ணீர் முன்னால் இருக்கும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருந்தது, முன்னால் இருப்பது பின்னால் வருவதிடம் பொறு என்று சொல்லத் தெரியாமல் போய்க்கொண்டே இருந்தது.

"இதுக்குத் திரும்பத் தெரியல" என்றாள் திலகவதி.

"அதைத்தானே ரெண்டு மாசமா சொல்லிட்டிருக்கோம்" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். திரும்பவே தெரியல. இதுக்கு யாருமே சொல்லிக் கொடுக்கல." அவள் சுவரின் ஓடுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் இத்தனை வருஷமா, அது வேணும்னே போச்சுன்னு நெனைச்சிட்டிருந்தேன்."

டீச்சர் கரையில் கையூன்றி எழுந்தார். அதற்குள் திலகவதி ஆழமில்லாத பக்கத்துக்கு நடந்து போய், ஏணியின் கம்பியைப் பிடித்து, நான்காம் தடத்தில் இறங்கிவிட்டாள். மார்பளவுத் தண்ணீரில் நின்று, ஆறு ஷவரிலிருந்து வரும்வரை காத்திருந்தாள். அது வந்து இறங்கியது. குளிர் முதலில் அவள் முழங்காலைத் தொட்டு, வயிற்றைத் தொட்டு, மார்புக்கு வந்தது. அவள் பல் கிட்டித்துக்கொண்டது.

"உன்னை மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதே" என்றாள். ஆறு சலசலக்காமல் நின்றது, அல்லது நிற்பதற்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு நின்றது. "என் பின்னாடி வா. முந்தாதே. நான் எங்கே போறேனோ அங்கே வா. இடதுகைப் பக்கம். இது, இதுதான் இடதுகை."

அவள் நீந்தினாள். முதுகு வலித்தது. பின்னால் அது வருவது தெரிந்தது. முன்பு ஒருநாள் இதே தண்ணீருக்குப் பக்கத்தில் தான் ஓடியதும், இன்று இந்தத் தண்ணீர் தன் பின்னால் வருவதும் அவளுக்கு ஒன்றாகத் தெரிந்தன, வேறாகவும் தெரிந்தன. சுவர் வந்தது. தொட்டாள். காலை மடக்கி, தோளைச் சாய்த்து, தடத்தின் நடுவில் அடித்தரையில் இருந்த கறுப்புக் கோட்டைத் தாண்டி, மறுபக்கம் வந்து, மறுபடி அதே இடதுகைப் பக்கமாகத் திரும்பினாள். ஆறு சுவரில் முட்டிக் குவிந்தது.

"மறுபடியும்" என்றாள்.

அன்று ரெஜினா நேரம் முடிந்தும் யாரையும் கரையேறச் சொல்லவில்லை. எத்தனை தடவை என்று யாரும் எண்ணவில்லை. ஒரு தடவை, திலகவதி சுவரைத் தொட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில், கோட்டுக்கு அந்தப் பக்கம், ஆறு இன்னும் போய்க்கொண்டும், கோட்டுக்கு இந்தப் பக்கம், அவளுக்குப் பின்னால், அதே ஆறு வந்துகொண்டும் இருந்தது. போகிற தண்ணீரும் வருகிற தண்ணீரும் ஒன்றையொன்று உரசி, நடுவில் ஒரு சின்னக் கரைபோல் அலை எழுந்து அடங்கி, ஒன்றுக்கொன்று வழிவிட்டு நழுவின. ஒரு சொட்டுகூடக் கரைமேல் ஏறவில்லை. பெண்கள் கைதட்டவில்லை. தொட்டிலில் குழந்தை தூங்குகிற வீட்டில் இருப்பதுபோல் சும்மா நின்றார்கள்.

திலகவதி ஏணியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, "அவ்வளவுதான். இவ்வளவுதான் வேலை" என்றாள். முகம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் மற்றபடி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அதன் பிறகு இருவரும் நான்காம் தடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். பேச்சில்லை. ஆறு தேறிவிட்டதால் சில நாள் அவளுக்குப் பின்னால் நெருக்கமாக வந்து, பாதத்தை ஒருமுறை தட்டும். அவள் சுவர்வரை போய் மூலையில் ஒதுங்குவாள். மற்றவர்களைப் போல் "நல்லாயிரு" என்று மட்டும் சொல்லமாட்டாள். "போ" என்பாள். முதுகு நேரானது. நாற்காலி கடைக்குப் பின்னால் போனது.

ஆவணியில் மேற்கே மழை பிடித்தது. இரண்டு அணையும் நிறைந்து, வேறு வழியில்லாமல் திறந்துவிட்டார்கள். அன்று ஆறு குளத்துக்கு வரவில்லை. அதன் தொப்பி கொடியில் உலர்ந்துகொண்டிருந்தது.

ஊரெல்லாம் ஆற்றங்கரைக்கு ஓடியது. தண்ணீர் வந்தது. ஆனால் வடகரையை ஒட்டி வந்தது. ஆற்றின் பாதி அகலம்தான் நனைந்தது. தென்கரைப் பக்கம் பாதி அப்படியே வறண்டு, நடுவில் கோடு போட்டதுபோல் கிடந்தது. வடகரை ஊர்களில் வெடி போட்டார்கள். தென்கரைப்பேட்டையில் ஆத்திரம் பொங்கியது.

"நம்ம குளத்துல தேத்தி அனுப்பினோம். நமக்கே முதுகைக் காட்டிட்டுப் போகுது பாரு."

"வடகரைக்காரன் மணலைக் கொட்டி மேடாக்கிட்டான். வேற ஒண்ணும் இல்ல."

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். படுகையின் சரிவு என்றார்கள். பெண்கள் நேரத்துக்காரிகள் மட்டும் படித்துறையில் வரிசையாக உட்கார்ந்து, யாருடைய பேச்சிலும் கலந்துகொள்ளாமல் இருந்தார்கள்.

"கிழக்கே பார்த்துப் போகும்போது இடதுகைப் பக்கம் எது?" என்றார் ஹாஜிரா டீச்சர், பொதுவாக.

"வடக்கு, டீச்சர்."

"அப்போ சரியாத்தானே போறா."

"வருவாளா?" என்று பட்டுப்புடவைக்காரி கேட்டாள்.

எல்லோரும் திலகவதியைப் பார்த்தார்கள். அவள் அந்தப் படித்துறைக்கு அன்றுதான் மறுபடி வந்திருந்தாள். போர்வையைப் போட்டுவிட்டு ஓடிய அதே படியில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் தரை வெடித்துக் கிடந்தது.

"சுவரைத் தொட்டுட்டு வரும்" என்றாள்.

எத்தனை நாள் காத்திருந்தாள் என்று சுகிர்தா ஒருவிதமாகவும் அவள் அம்மா வேறுவிதமாகவும் சொல்கிறார்கள். கடையை யாரோ பார்த்துக்கொண்டார்கள், சாப்பாடு யாரோ கொண்டுவந்தார்கள். ஊர்க்காரர்களுக்குக் கோபம் ஆறி, வழக்கமான சலிப்பும் வந்து, ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு முற்பகலில், வெயில் நன்றாக ஏறிய பிறகு, கிழக்கே அரிசி ஆலை மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உப்பு வாசனை வந்தது. பிறகு தென்கரையை ஒட்டி, வெடித்த தரையின் வாய்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு, கடல் நுரையின் மிச்சம் ஓரங்களில் ஒட்டியிருக்க, அல்லியாறு மேற்கே பார்த்து வந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. அது மதிலைக் கடந்தது. அவள் அன்று ஓடிய வழியெல்லாம், அவள் ஓடியதற்கு எதிர்த்திசையில், நடந்து வந்தது. படித்துறைக்கு வந்ததும் அவள் உட்கார்ந்திருந்த படிக்குக் கீழே நின்றது.

அது என்ன கொண்டுவந்தது என்று ஊரில் பலவிதமாகச் சொல்கிறார்கள். ஒரு சட்டை என்பார்கள், அரைஞாண் கயிறு என்பார்கள், சங்கு என்பார்கள். சுகிர்தா ஒருநாள் நேராகவே கேட்டிருக்கிறாள்.

"பெரியம்மா, கையில என்னதான் வெச்சிருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லடி."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணும் இல்ல. ஆனா நின்னுச்சு" என்றாளாம் திலகவதி. "அன்னைக்கு எவ்வளவு கத்தினேன், நிக்கல. இந்தத் தடவை நான் ஒண்ணும் சொல்லல, நின்னுச்சு."

எவ்வளவு நேரம் என்று அவள் சொல்லவில்லை. பின்னால் வந்த தண்ணீரெல்லாம் முன்னால் இருந்த தண்ணீருக்குப் பின்னால் பொறுமையாக நின்றது, கிழக்கே கண்ணுக்கு எட்டியவரை வரிசையாக நின்றது. பிறகு அது அவள் பாதத்தை ஒருமுறை தட்டியது. திலகவதி படியின் மூலைக்கு ஒதுங்கி உட்கார்ந்து இடம் விட்டாள்.

"போ" என்றாள். அது நகரத் தொடங்கிய பிறகு, மேல் படியில் இருந்த ஹாஜிரா டீச்சருக்குக்கூடச் சரியாகக் கேட்காத குரலில், "நல்லாயிரு" என்றாள்.

ஆறு அந்த வருஷம் அதற்குப் பிறகு குளத்துக்கு வரவில்லை. திலகவதி இன்னும் போகிறாள். நான்காம் தடம்தான், தனியாக நீந்தினாலும் பாதி அகலத்தை விட்டுவிட்டு, இடதுகைப் பக்கமாகவே போய், இடதுகைப் பக்கமாகவே வருகிறாள் என்று சுகிர்தா சொன்னாள்.

இதையெல்லாம் கேட்ட பிறகு எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. நம்பவும் முடியவில்லை, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. அதனால் தை மாதம், தண்ணீர் வடிந்த பிறகு, பஸ் பிடித்துத் தென்கரைப்பேட்டைக்குப் போனேன். யாரையும் கேட்கவில்லை. பாலத்தின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன், பிறகு இறங்கிப் போய்க் கையால் தொட்டும் பார்த்தேன். வெள்ளம் சாய்த்துவிட்டுப் போன நாணல் இன்னும் நிமிரவில்லை. வடகரையில் எல்லாம் கிழக்கே பார்த்துச் சாய்ந்திருந்தது. தென்கரையில் எல்லாம் மேற்கே பார்த்து.